அபிதானோவா, ஆபிதனொவா? இத்தாலிய வினைச்சொல்லில் அழுத்தம் எங்கே விழும்?

தர்ஷினி_பலெர்மோ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பலெர்மோவில் வயதான ஒரு சிஞ்ஞோராவைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். மாலையில் பெரியவர்களுக்கான அரசுப் பள்ளியில் இத்தாலியம் படிக்கிறேன். குடியுரிமைக்கு 2018 முதல் பி1 என்னும் இடைநிலை மொழித்தேர்ச்சிச் சான்றிதழ் கேட்கிறார்கள் அல்லவா, அதற்கான தயாரிப்புதான். வாசித்தால் புரிகிறது, கடிதம்கூட எழுதிவிடுவேன். வினைச்சொல்லை வாயால் சொல்வதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

வசிப்பது என்பதற்கு அகராதியில் அபிதாரே என்று இருக்கிறது. ஆசிரியையும் தா-வில் அழுத்தித்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் சிஞ்ஞோரா தன் பிள்ளைகள் மிலானோவில் வசிக்கிறார்கள் என்று சொல்லும்போது ஆபிதனொ என்கிறார். அழுத்தம் முதல் எழுத்துக்கே ஓடிவிடுகிறது. சரி, "அவர்கள்" என்றால் முதல் எழுத்துதான் போலும் என்று எண்ணினால், அதே பிள்ளைகள் தொலைபேசுகிறார்கள் என்பதற்குத் தெலேஃபொனனொ என்று இரண்டாம் எழுத்தில் அழுத்துகிறார். "பேசுகிறோம்" என்பதில் அழுத்தம் கடைசிக்குப் பக்கத்தில் வருகிறது. பாடப்புத்தகத்தில் இவற்றுக்கெல்லாம் எந்தக் குறியும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதுதானா, அல்லது அடியில் ஏதாவது ஒழுங்கு உண்டா?

இன்னொன்று. வரியின் முடிவில் சொல்லை உடைத்து எழுதும் பயிற்சியில், ஃபினிஸ்கொ (முடிக்கிறேன்) என்பதை ஃபி-னிஸ்-கொ என்று பிரித்தால் தவறாம். பர்லொ (பேசுகிறேன்) என்பதைப் பர்-லொ என்று பிரித்தால் சரியாம். ஏன்?

—

ஊர்க்குருவி எழுதியது:

தங்கச்சி, ஒழுங்கு உண்டு. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் நம்மவர்கள் எழுதும் முறையைத் திட்டிவிட்டு வருகிறேன்.

தமிழில் இத்தாலியம் கற்றுத்தரும் கைப்புத்தகங்கள் எதை எடுத்தாலும் பார்லோ, மாஞ்ஜோ, ப்ரெந்தோ என்று கடைசியில் ஓகாரத்தை நீட்டி அச்சிட்டிருப்பார்கள். தொல்லைக்குப் பாதிக் காரணம் இந்த ஓகாரம்தான். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. பல், பால் என்று நீளம்தான் மாற்றும். இத்தாலியருக்கு நீளத்தால் பொருள் மாறுவதில்லை, அழுத்தத்தால்தான் மாறும். அவர்கள் காதில் நெடில் விழுந்தால், அங்கே அழுத்தம் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கடைசி எழுத்தை அழுத்தினால் ஆளும் காலமும் மாறிவிடும். "நான் சாப்பிடுகிறேன்" என்பது "அவர் சாப்பிட்டார்" ஆகிவிடும்.

மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்புக்கு நிற்பவன் நான். வயிற்று நோவோடு வந்த ஓர் அம்மா டாக்டரிடம் "நொன் மஞ்ஜோ" என்றார். தான் சாப்பிடுவதே இல்லை என்று சொல்ல வந்தார். டாக்டர் உடனே அருகில் நின்ற கணவரைப் பார்த்து, "இவர் எப்போதிலிருந்து சாப்பிடவில்லை?" என்று கேட்டார். அந்த மனிதர் அப்போதுதான் அரஞ்சீனி என்னும் பொரித்த சோற்றுருண்டை ஒன்றை முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிலானோவில் இந்தக் குழப்பம் குறைவு, ஏனென்றால் வடக்கே பேச்சில் அந்த இறந்தகாலத்தை அதிகம் புழங்குவதில்லை. நம் சிசிலியில் தினமும் காதில் விழுகிற வடிவம் அது.

ஆகவே இங்கே நான் எழுதும் முறை இது: அழுத்தம் விழும் அசையைக் கட்டத்துக்குள் போடுகிறேன். நம் எழுத்தில் எகர ஒகரக் குறில்கள் இருப்பது எவ்வளவு பெரிய வசதி! அதைப் பயன்படுத்துவோம். பகரம், தகரம் வன்மையா மென்மையா என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது. அதைக் காதால் பிடித்துக்கொள்ளுங்கள், இங்கே அசையை மட்டும் கவனியுங்கள்.

நான் பேசுகிறேன்: [பர்]-லொ. அவர் பேசினார்: பர்-[லொ]. இரண்டாவதில் கடைசி அசை நீளாது. குட்டையாக, வெட்டினாற்போல, ஆனால் பலமாக வரும். எழுத்தில் அதன் தலையில் கோடு இருக்கும். கடைசி அசையில் அழுத்தம் வந்தால் மட்டுமே இத்தாலியர் கட்டாயமாகக் கோடு போடுவார்கள். வேறெங்கே வந்தாலும் நீங்களே தெரிந்துகொள்ள வேண்டும் என்று விட்டுவிடுவார்கள்.

இனி நிகழ்கால ஒழுங்கு. ஆறு வடிவங்களை இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். நான், நீ, அவர், அவர்கள் ஆகிய நான்கும் ஒரு கூட்டம். இவற்றில் அழுத்தம் வேரில் ஒரே இடத்தில் நிற்கும். நாங்கள், நீங்கள் இரண்டும் மற்றொரு கூட்டம். இவற்றில் அழுத்தம் விகுதிக்கு நகரும்.

[ஆ]-பி-தொ, [ஆ]-பி-தி, [ஆ]-பி-த. பிறகு அ-பி-[த்யா]-மொ, அ-பி-[தா]-தெ. "அவர்கள்" வரும்போது அழுத்தம் திரும்ப வேருக்கே போய்விடும்: [ஆ]-பி-த-னொ. "அவர் வசிக்கிறார்" என்பதன் வாலில் ஒரு னொ ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஒட்டியதால் அழுத்தம் அசைவதில்லை. உங்கள் தொலைபேசியும் அப்படியே. தெ-[லே]-ஃபொ-ன என்பதோடு னொ சேர்ந்தால் தெ-[லே]-ஃபொ-ன-னொ. ஆக "அவர்கள்" வடிவத்தைத் தனியாகப் படிக்கவே வேண்டாம். "அவர்" வடிவம் தெரிந்தால் போதும். அகராதியிலுள்ள ஆரே வடிவத்தில் தா-வில் அழுத்தம் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்த இரண்டு கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு, ஒழுங்கற்ற வினைகள் என்று பயமுறுத்துகிறார்களே, அவற்றைப் பாருங்கள். நான் வெளியே போகிறேன் [எ]-ஸ்கொ, நாங்கள் உ-[ஷா]-மொ. நான் கேட்கிறேன் [ஓ]-தொ, நாங்கள் உ-[த்யா]-மொ. நான் உட்காருகிறேன் [ஸ்யே]-தொ, நாங்கள் ஸெ-[த்யா]-மொ. நான் சாகிறேன் [ம்வோ]-யொ, நாங்கள் மொ-[ர்யா]-மொ. அழுத்தம் வேரில் இருக்கும்போது உயிரெழுத்து ஒரு விதமாக விரிகிறது. அழுத்தம் விகுதிக்குப் போனதும் வேர் உயிர் சுருங்கிவிடுகிறது. எனக்கு இத்தாலிய இலக்கணத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

சரி, "நான்" வடிவத்தில் அழுத்தம் எங்கே என்று எப்படித் தெரியும்? இரண்டு அசை என்றால் கேள்வியே இல்லை. நீளமான சொல்லில், கடைசிக்கு முந்திய அசை மெய்யில் முடிந்தால் அநேகமாக அழுத்தம் அங்கேயே: அ-[ஸ்கொல்]-தொ, அ-[ஸ்பெத்]-தொ, ரி-[ஸ்பொன்]-தொ. தாரன்தொ, ஒத்ரன்தொ என்ற ஊர்ப் பெயர்களைப் போல முதலசையில் அழுத்தம் வாங்கும் சில அடங்காப்பிடாரிகள் உண்டு. வினைகளில் அந்தக் கவலை குறைவு. அந்த அசை உயிரில் முடிந்தால்தான் சிக்கல். ல-[வோ]-ரொ என்றும் வரலாம், [ஆ]-பி-தொ என்றும் வரலாம்.

அப்போது ஒரு தந்திரம்: அதே குடும்பத்துப் பெயர்ச்சொல்லைக் கேட்டுப் பாருங்கள். ஒழுங்கு என்பது [ஒர்]-தி-னெ, ஒழுங்குபடுத்துகிறேன் [ஒர்]-தி-னொ. படம் இம்-[மா]-ஜி-னெ, கற்பனை செய்கிறேன் இம்-[மா]-ஜி-னொ. தொழிற்சாலை [ஃபப்]-ப்ரி-க, உற்பத்தி செய்கிறேன் [ஃபப்]-ப்ரி-கொ. இது எப்போதும் கைகொடுக்காது. விருப்பம் தெ-ஸி-[தே]-ர்யொ, ஆனால் விரும்புகிறேன் தெ-[ஸீ]-தெ-ரொ. மதிப்பிடுகிறேன் என்பதை வ-[லூ]-தொ என்பதுதான் சரி. வெளிநாட்டுப் பணத்துக்குச் சொல்லும் வ-[லூ]-த-வைப் போல. ஆனால் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் இத்தாலியரே [வா]-லு-தொ என்பார். அவரைத் திருத்தப் போகாதீர்கள், கடன் கிடைக்காது.

அசை பிரிப்பு பற்றி இங்கே மொழியியல் படிக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார், அவர் சொல்வார்.

—

பீசா_மாணவன் எழுதியது:

ஐயா அழைத்துவிட்டார், வந்துவிட்டேன். நான் மதுரைக்காரன், இங்கே பீசாவில் படிக்கிறேன்.

அக்கா, உங்கள் காது தமிழ் யாப்பின்படி பிரிக்கிறது. நம் கணக்கில் ஒற்று எப்போதும் முன்னெழுத்தோடு ஒட்டும். இத்தாலியத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். ல், ம், ன், ர் ஆகியவை அடுத்த மெய்யோடு மோதினால் முன் அசையோடு நிற்கும்: பர்-லொ, கன்-தொ. இரட்டை மெய் நடுவில் உடையும்: லெஜ்-ஜெ-ரெ, அ-ஸ்பெத்-தொ.

ஸ் மட்டும் கட்சி மாறி. அதற்குப் பின் வேறொரு மெய் வந்தால் ஸ் அதனோடு சேர்ந்து அடுத்த அசைக்குப் போய்விடும். அதனால்தான் ஃபி-னி-ஸ்கொ, க-பி-ஸ்கொ. சொல்லின் தொடக்கத்தில் நிற்கக்கூடிய மெய்க்கூட்டம் அசையின் தொடக்கத்திலும் நிற்கலாம் என்பது இதன் அடிப்படை. ஸ்க்வோலா (பள்ளி) என்று ஒரு சொல் ஸ்க்-கில் தொடங்க முடிகிறது, ஆகவே ஸ்கொ என்று ஓர் அசையும் தொடங்கலாம். அ-ப்ரி-ரெ என்பதில் ப்ர் உடையாமல் போவதற்கும் அதே காரணம். ர்லொ என்று எந்தச் சொல்லும் தொடங்காது, எனவே பர்-லொ.

ஆனால் இது எழுத்துக்கான விதி. ஒலியைக் கேட்டால் உங்கள் காது சொல்வதில் நியாயம் இருக்கிறது. இத்தாலியத்தில் அழுத்தம் பெற்ற அசை, சொல்லின் கடைசியில் இல்லாமல், உயிரில் முடிந்தால் அந்த உயிர் நீளும். ல-[வோ]-ரொவில் வோ நீளுகிறது. க-[பி]-ஸ்கொவிலும் அசை உயிரில் முடிவதாகத்தான் எழுதுகிறோம், ஆனால் பி நீளுவதில்லை. ஐயாவும் மேலே எ-ஸ்கொவுக்குக் குறில்தான் போட்டிருக்கிறார், பாருங்கள். அதாவது பேச்சில் ஸ் இன்னும் முன் அசையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒலியியல்காரர்கள் இதை வைத்து நிறைய விவாதித்திருக்கிறார்கள். தேர்வில் எழுத்து விதியையே எழுதுங்கள்.

இரண்டு மூன்று எழுத்து சேர்ந்து ஒரே ஒலியைத் தருமிடத்தில் உடைக்கக் கூடாது. ஜி, என் இரண்டும் சேர்ந்து ஞ ஆகும் ஸொ-[ஞா]-ரெ, எஸ், சி, ஐ சேர்ந்து ஷ ஆகும் ல-[ஷா]-ரெ ஆகியவற்றில் கத்தி வைக்காதீர்கள். ஆனால் சி, கியூ சேர்ந்து வந்தால் உடையும்: அக்-க்வி-[ஸ்தா]-ரெ.

உயிரோடு உயிர் சேரும் இடம் ஒன்று உங்களுக்குப் பயன்படும். படிக்கிறேன் [ஸ்தூ]-த்யொ. அனுப்புகிறேன் இன்-[வீ]-ஒ. முதலாவதில் இகரத்துக்கு அழுத்தம் இல்லை, அது யகரமாகத் தேய்ந்து அடுத்த உயிரோடு ஒட்டிவிட்டது. இரண்டாவதில் இகரமே அழுத்தத்தைத் தாங்குகிறது, அதனால் தனி அசையாக நிற்கிறது. "நீ" வடிவத்தில் இந்த வேறுபாடு எழுத்திலேயே தெரியும். நீ படிக்கிறாய் என்பதில் ஓர் இகரம்தான்: [ஸ்தூ]-தி. நீ அனுப்புகிறாய் என்பதில் இரண்டு இகரம் எழுத வேண்டும்: இன்-[வீ]-இ. பனிச்சறுக்கு வினையிலும் அப்படியே, இரண்டு. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் இடம் இது.

—

தர்ஷினி_பலெர்மோ எழுதியது:

ஊர்க்குருவி அண்ணா, தம்பி, இருவருக்கும் நன்றி. இன்று சிஞ்ஞோராவிடம் "அவர்" வடிவத்தோடு னொ ஒட்டிச் சொல்லிப் பார்த்தேன், தலையை ஆட்டிவிட்டு மாத்திரையை விழுங்கினார். எதிர்ப்பு இல்லை என்றால் சரி என்றுதான் அர்த்தம்.

எரெ என்று முடியும் வினைகளில் இன்னும் சந்தேகம். பார்ப்பது வெ-[தே]-ரெ, எழுதுவது [ஸ்க்ரீ]-வெ-ரெ. எழுத்தில் இரண்டின் முடிவும் ஒன்றுதானே? மற்ற காலங்களுக்கும் இந்த இரண்டு கூட்டக் கணக்கு செல்லுமா?

—

ஊர்க்குருவி எழுதியது:

எரெ இரண்டு குடும்பம், தங்கச்சி. லத்தீனில் ஒன்றில் நெடில் ஏகாரம் இருந்தது, மற்றொன்றில் குறில் எகரம். இத்தாலியத்தில் எழுத்து ஒன்றாகிவிட்டது, அழுத்தம் மட்டும் பழைய கணக்கை இன்னும் வைத்திருக்கிறது. கொஞ்சம் இடமாற்றமும் நடந்திருக்கிறது. சிரிப்பது லத்தீனில் நெடில் குடும்பம், இன்று [ரீ]-தெ-ரெ. விழுவது குறில் குடும்பம், இன்று க-[தே]-ரெ. ஆகவே லத்தீன் படித்தாலும் முழுக்கத் தப்ப முடியாது.

நடைமுறைக்கு ஒரு வழி சொல்கிறேன். ஏரெ என்று விகுதியில் அழுத்தம் வாங்குபவை சிறு கூட்டம், ஆனால் எல்லாம் தினசரிச் சொற்கள்: அ-[வே]-ரெ, ஸ-[பே]-ரெ, பொ-[தே]-ரெ, தொ-[வே]-ரெ, வொ-[லே]-ரெ, வெ-[தே]-ரெ, தெ-[னே]-ரெ, க-[தே]-ரெ, ப்ய-[சே]-ரெ, ரி-ம-[னே]-ரெ, தெ-[மே]-ரெ, ஸெ-[தே]-ரெ. இவற்றைப் பாட்டுப்போலப் பாடம் செய்துவிடுங்கள். புதிதாகச் சந்திக்கும் எரெ வினைக்கு வேரில் அழுத்துங்கள்: [லெஜ்]-ஜெ-ரெ, [ப்ரென்]-தெ-ரெ, ரி-[ஸ்பொன்]-தெ-ரெ. பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மற்றக் காலங்கள் பெரும்பாலும் நிகழ்காலத்தைவிடச் சுலபம், ஏனென்றால் அவற்றில் அநேகமாக அழுத்தம் வேரில் அலைவதில்லை. பேசிக்கொண்டிருந்தோம் பர்-ல-[வா]-மொ. பேசிக்கொண்டிருந்தார்கள் பர்-[லா]-வ-னொ, பழைய னொ ஒட்டும் கதைதான். எதிர்காலத்தில் பேசுவேன் பர்-லெ-[ரொ], தலையில் கோட்டோடு. அந்த முடிவு "எனக்கு உண்டு" என்னும் துணைவினை, வினையின் பெயரோடு ஒட்டிப்போனது. துணைவினைக்குரிய அழுத்தம் அப்படியே இருக்கிறது. பேசுவார்கள் பர்-லெ-[ரன்]-னொ. மற்ற னொ வடிவங்களைப் போல இதில் அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் இல்லையே என்று கேட்பீர்கள். ரன் என்று மெய்யில் முடிகிறது அல்லவா, அது அழுத்தத்தை விடாது.

கவனமாக இருக்க வேண்டியது ஒன்று. "நாங்கள் பேசினால்" என்னும் நிபந்தனை வடிவம் பர்-[லஸ்]-ஸி-மொ. "நாங்கள்" என்றாலே கடைசிக்கு முந்திய அசை என்று பழகியவர்கள் இதில் ஸி-யை இழுத்துவிடுவார்கள். கூடாது.

—

ஜெனோவா_அக்கா எழுதியது:

நான் அந்தத் தேர்வை முடித்தவள். பேச்சுத் தேர்வில் இலக்கணப் பெயர்களெல்லாம் கேட்க மாட்டார்கள், பயப்படாதே. ஆனால் ஏவல் வினைகளைப் பழகிவிட்டுப் போ. கடையில், மருந்தகத்தில், வீட்டில் நடக்கும் உரையாடல் போலச் சூழ்நிலை கொடுப்பார்கள், அங்கே இவை வந்துகொண்டே இருக்கும்.

ஏவலுக்குப் பின்னால் எனக்கு, அதை என்று எத்தனை ஒட்டினாலும் அழுத்தம் நகராது. கொண்டு வா [பொர்]-த, அதை எனக்குக் கொண்டு வா [பொர்]-த-மெ-லொ. எனக்குத் தொலைபேசு தெ-[லே]-ஃபொ-ன-மி. வால் நீள நீள நமக்கு மூச்சு முட்டும், அழுத்தத்தைக் கடைசிப் பக்கம் இழுத்துக்கொள்ளத் தோன்றும். முன்னால் ஓங்கிச் சொல்லிவிட்டு மீதியை வேகமாக உதிர்த்துவிட வேண்டும்.

சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு ஒரு நல்ல அகராதி உண்டு. இத்தாலிய அரசு வானொலி, தொலைக்காட்சி நிறுவனமான ராய் 1969இல் முதலில் வெளியிட்ட எழுத்து, உச்சரிப்பு அகராதி. தோப் என்று சுருக்கிச் சொல்வார்கள். இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. சாதாரண அகராதியிலும் வினைக்குப் பக்கத்தில் "நான்" வடிவத்தை அழுத்தக் குறியோடு கொடுத்திருப்பார்கள், பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

குருவியண்ணா, ஒன்று சேர்க்கிறேன். உங்கள் தெற்கில் "மெதுவாகப் பேசினார்" என்பதைப் பர்லொப் ப்யானொ என்று வல்லினம் மிகுத்துச் சொல்வார்கள். கடைசி அழுத்தத்துக்கு அடுத்த மெய் இரட்டிக்கும். தொஸ்கானாவிலும் ரோமிலும்கூட அப்படித்தான். எங்கள் வடக்கில் அது இல்லை. தர்ஷினி பலெர்மோவில் இருப்பதால் அந்த இரட்டிப்பைக் கேட்டே "பேசினார்" என்று கண்டுபிடித்துவிடலாம். நமக்கு மிகுதல் புதிதல்லவே.

—

தர்ஷினி_பலெர்மோ எழுதியது:

அக்கா, இது பெரிய உதவி. கடைசியாக ஒன்றைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். சிஞ்ஞோரா பிள்ளைகளைக் குறித்துத் தினமும் சொல்லும் வினை ஒன்று இருக்கிறது, "மறந்துவிடுகிறார்கள்". அகராதியில் "நான்" வடிவத்தைப் பார்த்தேன், குறி மென்-னில் இருந்தது. அப்படியானால் தி-[மென்]-தி-க-னொ, சரிதானே?

—

ஊர்க்குருவி எழுதியது:

சரி. மென்-னுக்குப் பின்னால் மூன்று அசையையும் ஒரே மூச்சில் விடுங்கள், க-வை நீட்ட வேண்டாம். நாங்கள் மறக்கிறோம் என்றால் தி-மென்-தி-[க்யா]-மொ. கே-யொலி கெடாமல் இருக்க எழுத்தில் எச் ஒன்று சேர்க்க வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள்.